இணைய உலாவியின் முழுப்பயன்: புதுச்சேரி

இணைய உலாவி என்பது, வழங்கி எனப்படும் தொலைவுக் கணினிகளில் வைக்கப்பட்டுள்ள பக்கங்களை முகவரி கொண்டு கேட்டுப் பெற்று, அவற்றின் குறியீட்டைப் படித்து, எழுத்தும் படமும் ஒலியுமாகத் திரையில் அமைத்துக் காட்டும் மென்பொருளாகும். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகியவை இன்று பரவலாகப் பயன்படும் உலாவிகள். மென்பொருள் என்ற அளவில் புதுச்சேரியில் நிறுவப்படும் உலாவிக்கும் பாரிஸிலோ சிங்கப்பூரிலோ நிறுவப்படும் உலாவிக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. ஆயினும் வீதிப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து நிற்கும் இந்நகரில், கடலுக்குச் செல்லும் மீனவர், நிலப் பதிவு தேடும் உழவர், பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடும் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்தினர், ஓலைச்சுவடி ஆய்வாளர் எனப் பலரும் அதனிடம் எதிர்பார்ப்பவை வெவ்வேறானவை. அந்த எதிர்பார்ப்புகள் நிறைவேறியதும் நிறைவேறாமற் போனதும் மென்பொருளின் திறத்தைவிட அதைக் கையாண்டவர் தம் பக்கத்தில் செய்துகொண்ட ஏற்பாடுகளைச் சார்ந்தே இருந்துள்ளன என்பதை இந்நகரின் கால்நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது.

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 1990-இல் முதல் உலாவியை எழுதினார். வலைத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. அதே ஆண்டில் வெளிவந்த மொசைக், எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பொதுமக்களை ஈர்த்தது. நெட்ஸ்கேப் 1994-இலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 1995-இலும், பயர்பாக்ஸின் முதற் பதிப்பு 2004-இலும், குரோம் 2008-இலும் வந்தன. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எட்ஜ் உட்பட இன்றைய உலாவிகளிற் பெரும்பாலானவை குரோமியம் என்ற ஒரே திறந்த மூல அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. ஆகையால் எந்த உலாவி சிறந்தது என்ற வழக்கமான விவாதத்தில் பொருள் குறைவு. கையில் உள்ளதை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதிலேயே பயன் மிகுதி.

வில்லியனூர் மையமும் வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியும்

புதுச்சேரிப் பகுதியில் உலாவியின் பயன்பாடு தனிமனிதரின் மேசையில் மட்டும் தொடங்கவில்லை. ஊர்ப் பொதுவிடங்களிலும் அதன் தொடக்கத்தைக் காணலாம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் துணையுடன் 1998-இல் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுமையமாகவும், ஏம்பலம், வீராம்பட்டினம், கீழூர் முதலிய ஊர்கள் கிளைகளாகவும் அமைந்தன. பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் குறித்து 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த கீழூர், அரை நூற்றாண்டு கழியும் முன்பே இணையச் செய்தி வந்து சேரும் ஊர்களுள் ஒன்றாயிற்று என்பது வரலாற்றில் தற்செயலாக நேர்ந்த பொருத்தம்.

இத்திட்டத்தின் அமைப்பு இன்றைய வாசகருக்குப் புதிராகத் தோன்றக்கூடும். தொலைபேசிக் கம்பி வழியான மெதுவான இணைப்பு வில்லியனூரில் இருந்தது. அங்குள்ள பணியாளர்கள் உலாவியில் தேடிக் கிடைத்தவற்றை அப்படியே அனுப்பிவிடாமல், ஊராருக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்து, தமிழில் எழுதி, தேவைப்பட்டால் குரலில் பதிவுசெய்து, வானொலி அலைவழியாகக் கிளை மையங்களுக்கு அனுப்பினர். மின்தடை மிகுந்த ஊர்களில் சூரிய மின்கலங்கள் துணைநின்றன. மையங்களை நடத்திய ஊர்த் தொண்டர்களில் பெண்களே மிகுதி. ஆங்கில விசைப்பலகையில் தமிழைத் தட்டச்சு செய்ய அவர்கள் பழகினர். அரசின் நலத்திட்டங்கள், அவற்றுக்குத் தகுதியுடையோர், விண்ணப்பிக்கும் முறை ஆகியவை தமிழில் தொகுக்கப்பட்டன. 'நம்ம ஊரு செய்தி' என்ற சிறு இதழும் இதன் பகுதியாக வெளிவந்தது.

இம்மையங்களின் பணிகளுள் அதிகம் பேசப்பட்டது வீராம்பட்டினத்தின் அலைச்செய்தி. வங்கக் கடலில் அடுத்த நாள்களில் எழும்பக்கூடிய அலைகளின் உயரத்தைக் காட்டும் வரைபடங்களை அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் அப்போது பொதுவில் வெளியிட்டு வந்தது. போர்க்கப்பல்களுக்காக வரையப்பட்ட அப்படத்தை வில்லியனூரில் இறக்கி, கரையோரக் கடற்பகுதிக்குரிய அளவை மட்டும் படித்து, தமிழ்க் குரலாக்கி அனுப்ப, வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் ஒலித்தது. கட்டுமரத்தை இறக்குவதா வேண்டாமா என்பதை மீனவர்கள் அதைக் கேட்டு முடிவுசெய்தனர். திரையை ஒரு முறையும் காணாதவர்களும் உலாவியின் பயனைப் பெற்றார்கள் என்பதே இத்திட்டத்தின் சிறப்பு. 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, புதுச்சேரியின் மற்றொரு மீனவ ஊரான நல்லவாட்டில், சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அங்கிருந்த இத்திட்டத்தின் மையத்து ஒலிபெருக்கி வழியாக அது ஊர் முழுவதும் பரவி மக்கள் கரையைவிட்டு விலகினர். அன்று எச்சரிக்கையைத் தந்தது உலாவியன்று, தொலைபேசி. இச்செய்தியை இணையத்தின் வெற்றியாக எழுதும் கட்டுரைகள் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஊரில் செய்தியைப் பரப்பும் வாய் ஒன்று முன்பே அமைந்திருந்தது என்பதே உண்மையான காரணம்.

இன்று அமெரிக்கக் கடற்படையை நாட வேண்டிய தேவை இல்லை. ஐதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதிகள் ஆகியவற்றைக் கரையோர மொழிகளிலும் வெளியிடுகிறது. அதன் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவு 2007 முதல் இயங்குகிறது. இத்தகைய பக்கத்தை நாள்தோறும் தேடுபொறியில் பெயர் இட்டுத் தேடுவதைவிட, புத்தகக்குறி எனப்படும் சேமித்த முகவரியாக வைத்துக்கொள்வது நேரத்தையும் தரவுச் செலவையும் குறைக்கும். கைப்பேசி உலாவிகளில் 'முகப்புத் திரையில் சேர்' என்ற தெரிவு, அம்முகவரியைத் தனிச் செயலிபோல ஒரே தொடுதலில் திறக்க உதவுகிறது. இவ்வசதியைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. அந்தந்த நிறுவனத்தின் செயலியை இறக்கி, அது கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிடுகின்றனர்.

தமிழ் எழுத்தும் உலாவியும்

தமிழ்ப் பக்கங்களைப் படிப்பதற்கே உலாவியோடு போராட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு தரத்தில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அதைத் திரையில் சரியாக வரையும் திறன் கணினிகளுக்குப் பின்னரே வாய்த்தது. விண்டோஸ் 2000 'லதா' என்ற தமிழ் எழுத்துருவுடன் வந்த பிறகே நிலைமை மெல்ல மாறியது. அதுவரை தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் ஒவ்வொன்றும் தத்தம் எழுத்துருவில் தளம் நடத்தின. அவ்வெழுத்துருவை இறக்கி நிறுவாதவருக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமே தெரிந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக வந்து சேரும் இயங்கு எழுத்துரு முறைகள் சில முயலப்பட்டன. அவை குறிப்பிட்ட உலாவிகளில் மட்டுமே செயல்பட்டன. புலம்பெயர்ந்த தமிழரிடையே பரவிய திஸ்கி என்ற குறியேற்றமும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களும், தமிழ்99 விசைப்பலகையும் இக்காலத்தவை. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை முதலில் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை 2010-இல் ஏற்றது.

அக்குழப்பத்தின் எச்சங்கள் இன்றும் உள்ளன. பழைய பக்கம் ஒன்று புரியாத குறிகளாகத் தெரிந்தால் அது பழுதன்று. அக்கால எழுத்துருவில் எழுதப்பட்ட உரையே அது. அதை நகலெடுத்து, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் குறியேற்ற மாற்றியில் இட்டு, ஒருங்குறிக்கு மாற்றிப் படிக்கலாம். பயர்பாக்ஸுக்கான நீட்சிகள் எனப்படும் துணைநிரல்களுள் 'பத்மா' இம்மாற்றத்தைப் பக்கத்திலேயே தானாகச் செய்தது. உலாவியொன்று தன் பயனரால் எவ்வளவு தூரம் திருத்தப்படக்கூடும் என்பதற்குத் தமிழ் வாசகர் கண்ட முதற் சான்றுகளில் ஒன்று அது.

இக்காலத்தில் தமிழ் வாசகர் செய்துகொள்ள வேண்டிய அமைப்புகள் சிலவே. உலாவியின் மொழி விருப்பத்தில் தமிழை முதலிலும் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ அடுத்தும் வைத்தால், பன்மொழித் தளங்கள் அவ்வரிசைப்படியே பக்கத்தை அனுப்பும். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட நுணுக்கமான வளைவுகள் கொண்டவையாதலால், ஒரே அளவில் இடப்பட்டாலும் சிறியனவாகத் தோன்றும். பயர்பாக்ஸ், குரோம் இரண்டிலும் மிகக் குறைந்த எழுத்தளவை வரையறுத்துவிட்டால், எந்தத் தளமும் அதற்குக் கீழே எழுத்தைச் சிறுக்க இயலாது. முதியோருக்கு இதைவிடப் பயன்தரும் அமைப்பு வேறில்லை. வாசிப்புப் பார்வை என்ற தெரிவு விளம்பரங்களையும் பக்கப் பட்டைகளையும் நீக்கி உரையை மட்டும் காட்டுகிறது. எட்ஜ் உலாவி உரையைத் தமிழில் உரக்கப் படிக்கவும் செய்கிறது. அதற்கான தமிழ்க் குரல்களுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று பெயர்.

தேடலும் பெயர்களும்

பக்கத்துள் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் வசதி, கன்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் திறக்கும். நூறு பக்க அரசாணையில் ஓர் ஊரின் பெயரைக் கண்டெடுக்க இதுவே வழியெனினும், தமிழில் இது சில சமயம் ஏமாற்றும். 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கு இரு வகையான குறியேற்றங்கள் உண்டு: 'ஸ' என்ற எழுத்தை அடிப்படையாகக் கொண்டது ஒன்று, 2005-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற எழுத்தை அடிப்படையாகக் கொண்டது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஸ்ரீ அரவிந்தர் பெயர் நிறைந்த ஒரு பக்கத்தில் அப்பெயரே இல்லை என்று உலாவி சொல்லுமாயின் காரணம் இதுவாக இருக்கலாம். 'அரவிந்த' என்று மட்டும் தேடினால் சிக்கல் தீரும். ஔகார உயிர்மெய்க்குப் பதிலாக எகர உயிர்மெய்யுடன் 'ள' எழுத்தைச் சேர்த்துத் தட்டச்சு செய்வதும், கால் எனப்படும் துணையெழுத்துக்குப் பதிலாக 'ர' இடுவதும் பழைய கோப்புகளில் மலிந்த பிழைகள். அவையும் தேடலைக் கெடுக்கும்.

இதைவிடப் பெரிய இடர் ஊர்ப்பெயரிலேயே உள்ளது. யூனியன் பிரதேசத்தின் பெயர் 2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரியாக மாற்றப்பட்டது. பேச்சு வழக்கில் பாண்டி, இலக்கிய வழக்கில் புதுவை, பிரெஞ்சு ஆவணங்களில் போந்திஷேரி. ஒரு பெயரால் தேடுவோர் மற்றப் பெயர்களில் எழுதப்பட்டவற்றை இழப்பர். அலியான்ஸ் பிரான்சேஸ், பிரெஞ்சு நிறுவனம் முதலியவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதுவதிலும் ஒருமைப்பாடு இல்லை. ஆகவே கூர்ந்த தேடல் என்பது ஒரே கேள்வியை மூன்று எழுத்துக்கூட்டலில் கேட்பதாகும். சொற்றொடரை மேற்கோள் குறிகளுள் இட்டால் அதே வரிசையில் அச்சொற்கள் வரும் பக்கங்கள் மட்டும் கிடைக்கும். தேவையற்ற சொல்லின் முன் கழித்தல் குறி இட்டால் அது வரும் பக்கங்கள் விலகும். புதுச்சேரி என்று தேடினால் தங்கும் விடுதி விளம்பரங்களே முதலில் குவியும் இக்காலத்தில், இக்கழித்தல் குறி ஆய்வாளருக்கு உற்ற துணை.

பிரெஞ்சு எழுத்துமுறை அறியாதவர் காலனிய ஆவணங்களில் தமிழ்ப் பெயர்களைத் தேடி அடையாமற் போவது இயல்பு. பிரெஞ்சுக்காரர் உகர ஒலிக்கு 'ஓ', 'யு' என்னும் இரு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். எனவே முத்து என்ற பெயரின் ஒவ்வோர் உகரத்திலும் கூடுதலாக ஓர் 'ஓ' புகுந்திருக்கும். உழவர்கரை 'ஊல்கரே' ஆகவும், வில்லியனூர் 'வில்னூர்' ஆகவும், பிள்ளை 'புலே' ஆகவும் உருமாறியிருக்கும். பிரெஞ்சு எழுத்துகளின் மேலிடும் கோடுகள் விசைப்பலகையில் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. உலாவிகள் பொதுவாக அவற்றைப் பொருட்படுத்தாமல் தேடும். பயர்பாக்ஸில் அவற்றைப் பொருட்படுத்தவும் தெரிவு உண்டு.

சுவடி, நாட்குறிப்பு, பதிவேடு

புதுச்சேரி வாசகருக்கு உலாவி திறந்துவிட்ட கதவுகளுள் ஆவணக் காப்பகங்களே தலையானவை. அவற்றிற் சில நகரிலேயே உள்ளன. பல கடல் கடந்தவை. செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனம், அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா காலந்தொட்டுச் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டியது. இந்நிறுவனத்திலும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரிக் கிளையிலும் சேர்ந்து ஏறத்தாழ 11,000 சுவடிகள் உள்ளன. யுனெஸ்கோ 2005-இல் இத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழி நூல்களே இவற்றில் மிகுதி. இவற்றிலிருந்து எடுக்கப்பட்ட தாள் படிகளும் படங்களும் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்தின் பழைய நிழற்பட நிலையங்களின் படங்களையும் மின்னாக்கம் செய்துள்ளது.

சுவடிப் படத்தை உலாவியில் காணும்போது இரு வகைப் பெரிதாக்கங்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் உலாவி ஏற்கெனவே வந்துசேர்ந்த படத்தையும் அதைச் சூழ்ந்த எழுத்துகளையும் ஒருங்கே பெருக்கும். ஓலையின் கீறல் தெளிவடைவதில்லை, மங்கல்தான் பெரிதாகும். காப்பகத் தளங்களின் படக்காட்டியில் உள்ள பெரிதாக்கப் பொத்தானோ, பெரிதாக்கிய பகுதிக்குரிய நுண்படத் துண்டுகளை வழங்கியிலிருந்து புதிதாகக் கேட்டுப் பெறுகிறது. எழுத்தைப் படிக்க இரண்டாவதே உதவும். ஒரு சாளரத்தில் ஓலையையும் மறு சாளரத்தில் அச்சிட்ட பாடத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது சுவடியியல் பயிலும் மாணவர்க்கு இன்றியமையாதது. ஒரே சாளரத்தில் டேப் எனப்படும் கீற்றுகளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர் வரியைத் தவறவிடுவர்.

பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் ஆட்சிக்காலப் புதுச்சேரியை அறிய, அவருடைய துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு முதன்மைச் சான்று. 1736-இல் தொடங்கும் இந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் அச்சாயிற்று. அத்தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உள்ளன. அங்குள்ள படிக்கும் திரையில் நூலுக்குள்ளேயே தேடும் கட்டம் தனியாக உண்டு; உலாவியின் தேடல் கட்டம் திரையில் தெரியும் பக்கத்தை மட்டுமே அறியும் என்பதால் அதை நம்பி 'நூலில் இல்லை' என்று முடிவுகட்டுதல் கூடாது. பிரெஞ்சு மொழி இதழ்களுக்கும் அரசு ஆண்டுமலர்களுக்கும் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிக்கா தளம் சுரங்கம் போன்றது. அது 1997 முதல் இயங்குகிறது.

இவ்விடத்தில் உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். குரோம் பிரெஞ்சுப் பக்கத்தைத் தமிழாக்கிக் காட்டும். எனினும் அது உரையாக உள்ள பக்கத்தையே மொழிபெயர்க்கும், படமாக உள்ள பக்கத்தைத் தொடாது. கலிக்காவில் பல ஏடுகளுக்குப் படத்தோடு எழுத்துரையும் தனியே கிடைக்கும். அவ்வுரைக்கு மாறினால் மொழிபெயர்ப்பு வேலை செய்யும். பழைய அச்செழுத்தை இயந்திரம் பிழையாகப் படித்திருக்க, அப்பிழையை இன்னோர் இயந்திரம் மொழிபெயர்க்க, இறுதியில் கிடைக்கும் தமிழ் நகைப்புக்கிடமாவது உண்டு. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் மொழிபெயர்ப்பு பொதுவாகச் சீரானது. சட்டச் சொற்கள் மிகுந்த ஆவணங்களுக்கு அதையே நாடுவது நலம். பயர்பாக்ஸ் 2023 முதல் வழங்கும் மொழிபெயர்ப்பு, பக்கத்தை வெளி வழங்கிக்கு அனுப்பாமல் பயனரின் கணினியிலேயே நிகழ்வது. குடும்ப ஆவணங்களைப் படிப்போர் கருத வேண்டிய வேறுபாடு இது.

குடும்ப ஆவணம் என்பது இந்நகரில் வெறும் ஆர்வத்துக்குரிய பொருளன்று. 1881-ஆம் ஆண்டின் அரசாணைப்படி சிலர் தம் மரபுவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தையும் புதிய குடும்பப் பெயரையும் ஏற்றனர். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்ய ஆறு மாதக் காலம் தரப்பட்டது. இவற்றின் விளைவாகப் பல குடும்பங்களுக்குப் பாட்டன் பூட்டனின் பிறப்பு, மணப் பதிவுகள் குடியுரிமைச் சான்றாகவே தேவைப்படுகின்றன. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவற்றின் பழைய பிறப்பு, மண, இறப்புப் பதிவேடுகளைப் படங்களாக இணையத்தில் வைத்துள்ளது. பெயரை இட்டுத் தேடுவதைவிட, ஆட்சிப்பகுதி, ஊர், ஆண்டு என்ற வரிசையில் தேர்ந்து பதிவேட்டைப் புரட்டுவதே அங்கு வழி. கையெழுத்துப் பிரெஞ்சாதலால் எந்த மொழிபெயர்ப்பு நீட்சியும் உதவாது. தேடுவோர் தாம் கண்ட படத்தின் முகவரியையும் பதிவேட்டின் ஆண்டு, பக்க எண்களையும் உடனே குறித்து வைத்தல் வேண்டும். உலாவியின் வரலாற்றுப் பட்டியல் உதவும் என்று விட்டுவிட்டால், ஒரே தலைப்பில் நூறு பதிவுகள் நின்று எது எதுவென்று தெரியாமற் போகும்.

அரசுப் பக்கங்களும் காப்பும்

நிலப் பதிவுகளுக்கு 'நிலமகள்', தொழிற்கல்விச் சேர்க்கைக்குச் சென்டாக் எனப் புதுச்சேரி அரசின் சேவைகள் பல இணையத்தின் வழியே நடக்கின்றன. இவற்றின் பெயரைத் தேடுபொறியில் இட்டு முதலில் வரும் இணைப்பைத் தட்டுவது ஆபத்தானது. பணம் பறிக்கும் போலிப் பக்கங்கள் விளம்பரமாக முதலிடத்தில் தோன்றுதல் கூடும். முகவரியை வலமிருந்து இடமாகப் படிப்பதே காப்பு. முகவரியின் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே முன்னுள்ள பகுதி 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்றோ 'என்.ஐ.சி. புள்ளி ஐ.என்.' என்றோ முடிந்தால் அது அரசுத் தளம். அவ்வெழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கோ இருப்பது சான்றாகாது. முன்பெல்லாம் பூட்டுக் குறியைப் பார்த்து நம்பச் சொல்வது வழக்கம். அக்குறி, பயனருக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை இடையில் எவரும் படிக்க இயலாது என்பதை மட்டுமே காட்டும். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதை அன்று. கட்டணமின்றிச் சான்றிதழ் கிடைக்கும் இந்நாளில் மோசடிக்காரரிடமும் பூட்டு உண்டு.

சென்டாக் விண்ணப்பக் காலத்தில் உலாவல் மையங்களில் கூடும் மாணவர்க்கு உரியது தனிமைச் சாளரம். அதை மூடியதும், அதில் திறந்த பக்கங்களின் பட்டியலும், குக்கி எனப்படும் அடையாளத் துண்டுகளும் அழிந்துவிடும். அடுத்து அமர்பவர் முந்தையவரின் கணக்கில் நுழைய இயலாது. இறக்கிய கோப்புகள் மட்டும் அழிவதில்லை. மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் பொதுக் கணினியில் விட்டுச்செல்வோர் இதை அறியாதவரே. தனிமைச் சாளரம் இணைய நிறுவனத்திடமிருந்தோ தளங்களிடமிருந்தோ பயனரை மறைப்பதும் இல்லை. சொந்தக் கணினியில் கடவுச்சொற்களை உலாவியின் கடவுச்சொல் காப்பகத்தில் வைப்பது, ஒரே சொல்லை எல்லாத் தளங்களிலும் இடுவதைவிட மேல். அது சரியான முகவரியில் மட்டுமே தானாக நிரப்பும் என்பதால், நிரப்ப மறுக்கும்போது பக்கம் போலியோ என்று ஐயுறவும் இடம் தருகிறது.

நீட்சிகளில் சிக்கனம் தேவை. விளம்பரம் தடுப்பது, தமிழ்த் தட்டச்சுக்கு உதவுவது எனப் பயனுள்ளவை இருப்பினும், 'எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும் நீட்சி, வங்கிப் பக்கத்தையும் படிக்கும். உலாவியை அவ்வப்போது புதுப்பிப்பதும் காப்பின் பகுதியே. ஒருகாலத்தில் அரசு அலுவலகங்களில் கோலோச்சிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டது.

பக்கங்கள் நிலையானவை அல்ல. பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் 2023 அக்டோபர் தாக்குதலுக்குப் பின் பல மாதங்கள் முடங்கின. அங்குள்ள தமிழ்த் தொகுப்புகளை நம்பியிருந்த ஆய்வுகளும் நின்றன. தேவையான பக்கத்தை அச்சுத் தெரிவின் வழியே பி.டி.எஃப். கோப்பாகச் சேமிப்பது எளிய வழி. எழுத்து எழுத்தாகவே இருக்கும், முகவரியும் நாளும் ஓரத்தில் பதியும். திரையை நிழற்படமாக எடுப்பதைவிட இது மேலானது, ஏனெனில் பின்னர் அதனுள் தேடலாம். மறைந்த பக்கங்களுக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ள வேபேக் இயந்திரம் துணைநிற்கும். பெயர் மாற்றத்துக்கு முந்தைய காலத்தில் 'பாண்' என்ற சுருக்கத்துடன் தேசியத் தகவலியல் மையத்தின் முகவரியில் இயங்கிய அரசுத் தளத்தைச் சுட்டும் இணைப்புகள் பழைய கட்டுரைகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தட்டினால் எதுவும் திறவாது. அம்முகவரியை நகலெடுத்து வேபேக் இயந்திரத்தின் கட்டத்தில் இட்டால், சேமிக்கப்பட்ட ஆண்டுகள் ஒரு நாட்காட்டியாக விரியும், வேண்டிய நாளைத் தேர்ந்து அன்றைய பக்கத்தைப் படிக்கலாம்.